குளிர் இறங்கும் நிறுத்தம்

கரூருக்குத் தெற்கே, மழை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிற அந்தக் காட்டுப்பக்கத்தில், அக்கினி நட்சத்திரம் தொடங்க இன்னும் நாற்பது நாள் இருந்தபோது, திரைச்சீலையும் மேசைவிரிப்பும் தைத்துக் கப்பலேற்றுகிற ஒரு கம்பெனியின் வேனில் குளிர் வருவது நின்றுபோனது. காற்று வந்தது, அதில் ஒரு குறையும் இல்லை, வாய் வலிக்க ஊதுகிறவன் மாதிரி ஏசி ஊதிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் வந்ததெல்லாம் அடுப்பங்கரைக் காற்று. தினமும் இருபத்தைந்து தையல்காரப் பெண்கள் அந்தக் காற்றில் வெந்து, கம்பெனி வாசலில் இறங்கும்போது டிரைவர் நல்லசிவத்தை ஆளுக்கொரு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்கள்.

நல்லசிவம் வண்டியை ஐந்து மெக்கானிக்குகளிடம் காட்டினான். ஐந்து பேரும் பானெட்டைத் தூக்கி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, “கேஸ் இல்லீங்க” என்று ஒரே வாயாகச் சொல்லி, ஆளுக்கொரு முறை கேஸ் ஏற்றி அனுப்பினார்கள். அந்தத் தொழிலில் அது ஒரு பழக்கம். கோயில் பூசாரியிடம் எந்தக் குறையோடு போனாலும் திருநீறு கிடைப்பதைப் போல, ஏசி மெக்கானிக்கிடம் எந்தக் கோளாறோடு போனாலும் கேஸ்தான் கிடைக்கும். ஏற்றியது எங்கே போனது என்று கேட்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான் இருந்தாள். அவள்தான் எடைமேடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த சுகுணா.

சுகுணாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனசு வரவில்லை. நாற்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, கத்தரித்துவிட்ட முடி, யாரிடமும் குரலை உயர்த்தாத வாய். வலது கை முழங்கை வரைக்கும் எண்ணெயும் கரியுமாக இருக்கும், இடது மணிக்கட்டில் மட்டும் வளையலும் கிடையாது, அழுக்கும் படாது, ஏனென்றால் அவளுடைய கருவிப்பெட்டியில் முதல் கருவியே அந்த மணிக்கட்டுதான். மீட்டர் முள் பொய் சொல்லும், வண்டிக்காரர் இரண்டு மடங்கு சொல்வார், மணிக்கட்டின் உள்பக்கத் தோல் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்பது அவள் கட்சி. ஒரு குழாயில் கையை வைத்துக் கண்ணை மூடினால் அந்தக் குழாய் தன் கஷ்டத்தை அவளிடம் சொல்லிவிடும் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள், அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை.

கம்பெனி மேனேஜர் சம்பத் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அக்கினி நட்சத்திரத்தின் பத்தாம் நாளில் ஒரு ஆய்வாளரை அனுப்பப்போகிறார்கள், அவர் பெண்களோடு வேனில் ஏறி வருவார், வண்டியில் குளிர் இல்லையென்றால் ஆர்டர் போய்விடும். “எது ஒத்துவரலையோ அதக் கழட்டி வீசிருங்க சுகுணா. என்ன ஏதுன்னு என்கிட்டக் கேக்கவே வேண்டாம். எது தொந்தரவோ அது வண்டியில இருக்கப்படாது” என்றார் சம்பத்.

சுகுணா முதலில் ஐந்து பேர் திணித்து வைத்திருந்த கேஸில் அளவுக்கு மேல் இருந்ததை இறக்கினாள். பிறகு சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, மூட்டு மூட்டாகத் தடவி, கசிவு இருந்தால் கொப்புளம் கிளம்புமே என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்து பார்த்தாள். ஒரு மூட்டிலும் கொப்புளம் இல்லை. கம்ப்ரஸர் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றியது, முன்னால் இருந்த விசிறி ஓடியது, ஒல்லிக் குழாய் சுட்டது, தடித்த குழாய் பனித்துக் கிடந்தது, இரண்டும் இருக்கவேண்டிய இலட்சணத்தில் இருந்தன. கடைசியில் உள்ளே ஏறி ஏசி வாயில் மணிக்கட்டை வைத்தால், ஊட்டிக் காற்று வருகிறது.

“இதென்ன அம்மிணி, டாக்டரக் கண்டதும் காச்ச விடற மாதிரி!” என்று நல்லசிவம் வாயைப் பிளந்தான். சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனவன், அடுத்த நாள் காலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கத் திரும்பி வந்தான். “மறுபடியும் கொதிக்குதுங்க.”

“நிறுத்தி வெச்சுப் பாக்கற சீக்கில்லீங்ணா இது. கூட வந்துதான் பாக்கோணும்” என்றாள் சுகுணா.

மறுநாள் விடிந்ததும் நல்லசிவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏசி வாயில் மணிக்கட்டை வைத்தபடி அவள் கிளம்பினாள். முதல் நிறுத்தத்தில் ஆறு பேர் ஏறினார்கள், குளிர் இருந்தது. இரண்டாவதில் ஏழு பேர், குளிர் இருந்தது. மூன்றாவதில் ஒன்பது பேர், கொஞ்சம் மங்கினாலும் இருந்தது. நான்காவது நிறுத்தம் கரட்டுப்புதூர். அங்கே மூன்று பெண்கள் ஏறினார்கள், மணிக்கட்டில் யாரோ வெந்நீர் ஊற்றியதைப் போல இருந்தது.

சுகுணா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மூன்று பேரையும் இறங்கச் சொல்லி, ஃப்யூஸை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பது போல ஒவ்வொருவராக ஏற்றினாள். வாயாடி என்று கம்பெனி முழுக்கப் பேர் வாங்கிய சுலோச்சனா ஏறினாள், குளிர் அசையவில்லை. இரண்டாமவள் ஏறினாள், அசையவில்லை. மூன்றாமவள் பாப்பாத்தி. முப்பத்தாறு வயது, அயர்ன் பிரிவில் நின்று வேலை செய்கிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவள் படியில் ஒரு கால் வைத்ததும் காற்று கொதித்தது, காலை எடுத்ததும் குளிர்ந்தது. ஏழு தடவை கால் வைக்கச் சொல்லி, ஏழு தடவை எடுக்கச் சொன்னாள் சுகுணா. ஏழு தடவையும் அப்படியே நடந்தது.

கண்டுபிடித்ததற்குச் சான்று வேண்டுமென்பது அவள் தொழில் ஒழுக்கம். “கோவிச்சுக்காத தாயி” என்று சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, பாப்பாத்தியின் தோளில் தடவினாள், முழங்கையில் தடவினாள், உள்ளங்கையில் தடவினாள், கடைசியாக விரல்களில் தடவியபோது பத்து விரல் நுனியிலும் நுரை பொங்கிப் பொங்கிக் கிளம்பியது. வண்டியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். லீக்கு இந்த அம்மாகிட்டத்தான் இருக்குது என்று நல்லசிவம் தலையாட்டினான், ஒரு ஓஸ் பைப்பைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

“எனக்கொண்ணும் ஜில்லுன்னு இல்லீங்கக்கா. எல்லாரு மாதிரித்தான் எனக்கும் வேக்குது” என்றாள் பாப்பாத்தி, பயந்துபோய்.

உள்ளே போகிற குளிர் எங்கேயாவது வெளியே வந்தாகவேண்டும். அன்று பொழுதோடு சுகுணா பாப்பாத்தியோடு கரட்டுப்புதூரில் இறங்கினாள். தெருவில் நடக்க நடக்க மணிக்கட்டு சிலிர்த்தது. தெருக் கடைசியில் தகரம் வேய்ந்த ஒற்றை அறை வீடு. அதன் வடக்குச் சுவரோரம் பால் சொசைட்டியின் கேன்கள் வரிசையாக நின்றன. கிழக்குச் சுவரோரம் அங்கன்வாடிக் குழந்தைகள் பாய் விரித்துத் தூங்கி எழுந்த தடம் கிடந்தது. மேற்கே எட்டு வீட்டு இட்லி மாவுப் பாத்திரங்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் சுண்ணாம்பால் பேர் எழுதி வைத்திருந்தார்கள். தெற்கே நாய்கள், அவற்றுக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை, அவையே பார்த்துப் படுத்துக்கொண்டன. இதெல்லாம் வந்து ஒரு மாதம் ஆகிறது என்றும், முதல் இரண்டு நாள் பாத்திரம் வைப்பதில் சண்டை வந்தது என்றும், அப்புறம் குடிதண்ணீர்க் குழாய்க்கு இருக்கிற முறையையே இதற்கும் வைத்துவிட்டோம் என்றும் வார்டு மெம்பர் நாகமணி ரோடு போட்ட சமாச்சாரம் மாதிரி விளக்கினாள். குளிர் ஏன் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்ததை ஒழுங்காகப் பங்கிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது.

“உள்ள இருக்கறது மாரப்பனுக்கு. சுவத்துக்கு வெளிய வர்றதுதானுங்க ஊருக்கு. வாசப்படி தாண்டி ஒருத்தரும் போகப்படாதுன்னு பேசி வெச்சிருக்கறோம்” என்றாள் நாகமணி.

மாரப்பன் பாப்பாத்தியின் புருஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாயப்பட்டறையில் ஆவிக்குழாய் வெடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வெந்துபோனவன். புண் ஆறிப் புதுத்தோல் வந்தது, ஆனால் அந்தத் தோலுக்கு வேர்க்கத் தெரியவில்லை. வேர்வை வராத உடம்பில் வெயிலின் சூடு போகவழி இல்லாமல் உள்ளேயே நின்றது. போன வருஷக் கத்திரியில் அவன் காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்திருந்தான், அப்படியும் இரண்டு தடவை நினைவு தப்பி விழுந்தான். இன்னொரு தடவை விழுந்தால் எழுப்புவது கஷ்டம் என்று பெரியாஸ்பத்திரியில் பாப்பாத்தியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாரப்பன் இப்போது கட்டிலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். பாப்பாத்தி உள்ளே போய், கையைக் கழுவித் துடைத்து, வழக்கம்போல அவன் முதுகில் பத்து விரலையும் பரப்பி வைத்தாள். வாசற்படிக்கு வெளியே நின்ற சுகுணாவின் பற்கள் தானாகக் கிட்டின. முதுகிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து சுவருக்கும் குளிர் ஏறி, சுவர் அதைக் குடித்து வைத்துக்கொண்டது, அடுத்த நாள் பொழுது சாயும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு.

திரும்பி வரும்போது பாப்பாத்தி தெருமுனை வரைக்கும் கூட வந்து, சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கே இன்னைக்குத்தானுங்க தெரியும், இது வண்டியிலிருந்து வருதுன்னு. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கக்கா. ஒரு டம்ளர் மோர் ஆராவது குடுத்தாக்கூடத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வராது. இருபத்தஞ்சு பேரு வேத்து இவருக்கு வர்றதுன்னு தெரிஞ்சா மறுபடியும் டிரம்முக்குள்ள போய் உக்காந்துக்குவாரு.”

அன்றைக்குச் சுகுணா பட்டறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கோளாறு பிடிபட்டுவிட்டது. அதைச் சொன்னால் சம்பத் என்ன செய்வார் என்பதும் தெரியும், எது தொந்தரவோ அது வண்டியில் இருக்கக் கூடாது என்று அவர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே. பாப்பாத்தியை இறக்கிவிட்டால் வண்டி அந்த நிமிஷமே சரியாகிவிடும், சுகுணாவின் பேர் திண்டுக்கல் வரைக்கும் பேசப்படும், மாரப்பன் கத்திரியைத் தாண்டமாட்டான். சொல்லாவிட்டால் ஆறாவது மெக்கானிக்கும் தோற்றுப்போனாள் என்று ஆகும். ரொம்ப நேரம் யோசித்தவள், ஓட்டையை அடைக்க முடியாவிட்டால் வரவைக் கூட்டுவோம் என்று முடிவெடுத்தாள். பழைய ஆம்னி பஸ் ஒன்றிலிருந்து கழற்றிவைத்திருந்த பெரிய கூலிங் காயிலைக் கொண்டுபோய் வேனின் பின்பக்கத்தில் மாட்டி, குழாய் இழுத்து, விசிறியை மாற்றி, அந்த வண்டியிலிருந்து இரண்டு வண்டிக் குளிர் வரும்படி செய்தாள். வேறு யாராலும் இரண்டு நாளில் அதைச் செய்திருக்க முடியாது.

வண்டியில் எள்ளளவு மாற்றமும் இல்லை. கரட்டுப்புதூரில்தான் மாற்றம் தெரிந்தது. பால் கேன் நிற்கிற சுவரைத் தாண்டிக் குளிர் நாலு வீடு தள்ளிப் போனது, அங்கன்வாடிக்குள்ளேயே குழந்தைகள் தூங்கினார்கள், முருங்கை மரம் காலம் தெரியாமல் பூத்துக் குலுங்கியது, வேனல் கட்டிக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கே போகாத ஒரு வாத்தியார் தெருவில் வந்து நின்று தினசரி படித்தார். எவ்வளவு கொடுத்தாலும் பாப்பாத்தியின் விரல்கள் அவ்வளவையும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சுகுணாவும் வண்டியில் கூட வந்த ஒரு நாள் காலையில், கரட்டுப்புதூரில் பாப்பாத்தி ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள். “நான் இனிமே டவுன் பஸ்ல வந்துக்கறனுங்க. என்னால இத்தன பேரும் எதுக்கு வேகோணும்” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

சுகுணா இருக்கையிலிருந்து எழுந்து, பெண்களைப் பார்த்து, தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். மாரப்பனைப் பற்றிச் சொன்னாள். வேர்க்காத தோலைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வைத்தால் இவர்களுக்கு வெளிக்காற்றாவது கிடைக்கும், ஆனால் குளிர் வழியிலேயே சிதறிவிடும், மூடி வைத்தால்தான் முழுசும் பாப்பாத்தியிடம் போகும் என்பதையும் சொன்னாள். அப்படிச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சுலோச்சனா தன் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்தவள், வெக்கை தாங்காதவள், அந்த ஒரு மாதமாக நல்லசிவத்தை அதிகம் திட்டியவள் அவள்தான். அவள் தலையை உள்ளே இழுத்து, கண்ணாடியைச் சர்ரென்று தள்ளி மூடினாள். “ஏம்புள்ள, உன்னைய ஏத்தீட்டுப் போறதுக்கு வெத்தலபாக்கு வெச்சு அழைக்கோணுமா? ஏறு, நேரமாச்சு” என்றாள். அடுத்த ஜன்னல் மூடியது. அதற்கடுத்தது மூடியது. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பாப்பாத்தி படியேறினாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. தார் இளகியது, காக்கைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தன. கண்ணாடி மூடிய அந்த வேன் காலையும் மாலையும் இருபத்தைந்து பேரை அவித்துக்கொண்டு ஓடியது. சுலோச்சனா ஒரு குடம் மோர் கொண்டுவந்தாள், நல்லசிவம் ஆளுக்கொரு பனையோலை விசிறி வாங்கிப்போட்டான், ஒருத்தி தலைசுற்றுகிறது என்றால் அடுத்தவள் மடியில் சாய்த்துக்கொண்டாள். புலம்பாமல் இருந்தார்கள் என்று சொன்னால் பொய், வாய் ஓயாமல் புலம்பினார்கள், வெயிலைத் திட்டினார்கள், கம்பெனியைத் திட்டினார்கள், ஏசி செய்தவனைத் திட்டினார்கள். ஒருத்தியும் ஜன்னலில் மட்டும் கை வைக்கவில்லை.

பத்தாம் நாள் ஆய்வாளர் வந்தார். நிரஞ்சன் என்று பேர், சென்னைப் பையன், முழுக்கைச் சட்டை, கையில் வெப்பம் காட்டுகிற ஒரு சின்னக் கருவி. முதல் நிறுத்தத்திலேயே ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஏறிய பெண்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். காதைச் சுற்றி மப்ளர், தோளில் கம்பளி, சுலோச்சனா தன் வீட்டுக்காரரின் சபரிமலைக் குல்லாயை மாட்டியிருந்தாள். கரட்டுப்புதூர் தாண்டியதும் வண்டி அடுப்பானது. இருபத்தைந்து பெண்களும் மார்கழிக் கோழிகளைப் போல ஒடுங்கி, பற்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டார்கள்.

நிரஞ்சன் கருவியைப் பார்த்தார், நாற்பத்தொன்று காட்டியது. உதறிப் பார்த்தார், நாற்பத்திரண்டு காட்டியது. சட்டைக் காலரைத் தளர்த்தி, திரும்பிப் பார்த்து, “உங்களுக்கெல்லாம்… குளிருதாம்மா?” என்றார்.

“கொல்லுதுங்க தம்பி” என்றாள் சுலோச்சனா, கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி. அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, “ஐயய்யோ, உங்களுக்குக் காச்சலாட்டம் இருக்குதே! இந்த ஊரு வெயிலு ஒத்துக்கலையாட்ட இருக்குது” என்று பதறினாள். இன்னொருத்தி மோரைக் கொடுத்தாள், இன்னொருத்தி விசிறினாள். கையில் இருந்த கருவியை நம்புவதா, நடுங்குகிற இருபத்தைந்து பேரை நம்புவதா என்று அவர் கொஞ்ச நேரம் தவித்து, மனிதர்களை நம்பினார். நல்ல பையன், நன்றாக இருக்கட்டும்.

கடைசி இருக்கையில் போர்வைக்குள் இருந்த சுகுணாவிடம் வந்து, “மேடம், நீங்கதானே மெக்கானிக்? ஏசி கண்டிஷன் எப்படி?” என்று கேட்டார்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க சார்” என்றாள் சுகுணா. அது சத்தியமான வார்த்தை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லைதான். நிரஞ்சன் கம்பெனிக்குப் போனதும், பெண்களின் உடல்நலம் கருதிக் குளிரைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம் என்று சம்பத்திடம் சொல்லிவிட்டு, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்கினி நட்சத்திரம் கழிகிற நாள் சாயங்காலம், சுகுணா கடைசியாக ஒரு தடவை வண்டியோடு போனாள். கரட்டுப்புதூர் நிறுத்தத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்ட சட்டை, தோளில் துண்டு. கத்திரி முழுவதும் ஒரு தடவைகூட விழாத மாரப்பன், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வெயில் தாழும் முன்னமே தெருவில் நடந்து, பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்திருந்தான். பாப்பாத்தி படியிலேயே நின்றுவிட்டாள்.

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். நெற்றியில் முடி ஒட்டி, சேலை நனைந்து, கண் சிவந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “ஏனுங்க, ஏசி வண்டின்னுதான இவ சொன்னா? இப்பிடி நனஞ்சு கெடக்கறீங்க?”

எல்லோருடைய கண்ணும் சுகுணாவிடம் போனது.

“ரிப்பேருங்க. ஒரு மாசமாப் பாக்கறனுங்க, என்னால சரி பண்ண முடியல” என்றாள் சுகுணா.

மாரப்பன் உச்சுக்கொட்டினான். “அப்பிடீன்னா எல்லாரும் எறங்குங்க. எங்கூட்டுக்கு வந்து சித்த உக்காந்துட்டுப் போங்க. என்னமோ தெரியல, இந்த வருசம் எங்கூட்டுல அப்பிடி ஒரு குளிர்ச்சி. இதெல்லாத்தையும் நானொருத்தனே வெச்சுட்டு என்ன பண்றது? எறங்குங்க தாயி, எறங்குங்க.”

நாகமணி வாசற்படி விதியை அன்றைக்கு எடுத்துவிட்டாள். மற்ற இருபத்துநான்கு பெண்களும் நல்லசிவமும் சுகுணாவும் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாரப்பன் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தான். எல்லோரும் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். பாப்பாத்தி மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் வழிந்ததை அவன் வேர்வை என்று நினைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.